சுகம் என்று சொல்லாத ராத்தா

கல்முனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு ராத்தாவுடையது. ராத்தா என்றால் எங்கள் வழக்கில் அக்கா, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவரிடமிருந்து ஒரு நல்ல செய்தியைக் கேட்டு வாங்க யாராலும் முடியாது. கல்லில் நார் உரிக்கலாம், அவர் வாயிலிருந்து "நல்லா இரிக்கன்" என்ற சொல்லை உரிக்க முடியாது. மதிலுக்கு மேலால் எட்டி, "எப்படி ராத்தா சுகம்?" என்று கேட்டால், "ஏதோ கெடக்கன் புள்ள" என்பார்.

மூத்த மகன் கத்தாரிலிருந்து வந்து கார் எடுத்த அன்று வாழ்த்துச் சொல்லப் போனேன். "பழைய சாமான். எந்த நேரம் ரோட்டில நிக்குமோ" என்றார். கார் வாசலில்தான் நின்றது, இருக்கைகளுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. மாமரம் குலை குலையாகக் காய்த்தால் "எல்லாம் புளி." தேங்காய்ப்பாலும் முட்டையும் கலந்த வட்டிலப்பம் பதமாக அவிந்து வந்தால் "பழுதாப் போச்சு, எறியத்தான் இருந்த" என்று சொல்லிக்கொண்டே ஒரு கோப்பையில் போட்டுத் தருவார். அப்படிப் பழுதாய்ப் போன வட்டிலப்பத்தை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

ஆரம்பத்தில் இது கஞ்சத்தனம் என்று நினைத்தேன். நல்லது என்று சொன்னால் யாராவது பங்கு கேட்டு விடுவார்களோ என்ற எண்ணமாக்கும். பிறகுதான் அது பயம் என்று விளங்கியது. கண்பட்டு வரும் கண்ணூறு, வாயால் சொல்லி வரும் நாவூறு, எல்லோருக்கும் உள்ள பயம்தான். எங்கள் ஊர்களில் பிள்ளையை அழகு என்று சொல்லிவிட்டால் தாயின் முகம் மாறும். ஆனால் மற்றவர்கள் ஒரு "மாஷா அல்லாஹ்" சொல்லி அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ராத்தாவுக்கு அது போதாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ் எண்டாவது சொல்லக் கூடாதா ராத்தா? அல்லாஹ் தந்தத்த இல்ல எண்டு சொல்றது சரியா?"

"நான் மனசுக்குள்ள சொல்றன்" என்றார். "அவனுக்குக் கேக்கும். மத்தாக்களுக்கு என்னத்துக்குக் கேக்கணும்?"

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் பாடு வேறு. வளர்த்து ஆளாக்கி, மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ராத்தாவுக்கு மூன்று ஆண் பிள்ளைகள் என்றுதான் நான் அறிந்திருந்தேன். மூவரும் மனைவி வீடுகளில். கணவரும் மவுத்தாகி மண்ணுக்குப் போய்ச் சில காலம். அந்தப் பெரிய வீட்டில் அவரோடு மிஞ்சியிருந்தது ஒரு செம்மஞ்சள் கடுவன் பூனை. தலை பெரிது, வயிறு பெரிது, நடையில் ஊர்ச் சபைத் தவிசாளரின் தோரணை. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் மிஸ்கீன். ஒன்றுமில்லாத ஏழை என்று அர்த்தம். கேட்பவர்கள் பொறாமைப்படாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர்.

அந்த மிஸ்கீனுக்குத்தான் வாயில் புண் வந்தது.

முதலில் மேலுதட்டில், கூர்ப்பல் முட்டும் இடத்தில், எலி கடித்துத் துண்டெடுத்தது போல ஒரு சிவந்த பள்ளம். பிறகு உள்ளே, மேல் அண்ணத்திலும். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. மீனைக் கண்டு ஓடிவரும், ஒரு வாய் கடிக்கும், தலையை உதறிக்கொண்டு பின்வாங்கும். பிறகு கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து மீனையே பார்த்துக்கொண்டிருக்கும். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தேன், மஞ்சள், கருஞ்சீரக எண்ணெய். எண்ணெய் பட்டதும் பூனை அலறிக்கொண்டு அலுமாரிக்கு மேலே ஏறி, பொழுது படும்வரை இறங்கவில்லை. ராத்தாவின் கையில் நீளமாக நகம் கிழித்திருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பழக்கூடை ஒன்றுக்குள் பூனையை வைத்து, மேலே பழைய சாரத் துணியால் கட்டி, ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் போனோம். வைத்தியர் நற்பிட்டிமுனைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். சத்தம் போடாமல் கதைப்பவர். துவாயால் பூனையைச் சுற்றி, வாயைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அதற்குப் பரிசாக மிஸ்கீன் அவருடைய பெருவிரலைக் கடித்தது.

"இது அடிபட்ட காயமில்லம்மா. ஒவ்வாமை மாதிரி. இதுட உடம்பே இதோட சண்டை பிடிக்குது" என்றார் விரலைக் கழுவிக்கொண்டே. "தெள்ளுப்பூச்சியால வரலாம், சாப்பாட்டால வரலாம், பிளாஸ்டிக் கோப்பையால வரலாம். ஆறி மாறும், திரும்பியும் வரும். ஒண்டொண்டா நிப்பாட்டிப் பாத்துத்தான் எதால எண்டு பிடிக்கணும். தெள்ளுக்கு மருந்து தாறன். கோப்பைய மாத்துங்க, எவர்சில்வர் நல்லம். மீனையும் நிப்பாட்டுங்க."

"கல்முனைக் கடற்கரையில இருந்துக்கு பூனைக்கு மீன நிப்பாட்டுறதா?" ராத்தா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

"கோழி அவிச்சுக் குடுங்க. எண்ணெய் ஒண்டும் பூச வேணாம். புண்ணுக்கு விழுங்கக் குடுக்கிற இந்தக் குளிசைதான் கவனம். புண் வாடினா பாதிதான் குடுக்கணும். முழுக்க மாறினா இன்னும் குறைச்சு, பைய நிப்பாட்டணும். கூடக் காலம் குடுத்தா சீனி வருத்தம் வந்திரும். என்னட்டச் சொல்லிச் சொல்லித்தான் குறைக்கணும், சரியா?"

ராத்தா தலையாட்டினார். அவருக்கும் சீனி, அதாவது நீரிழிவு, இருந்தது. அந்தச் சொல்லின் பாரம் அவருக்குத் தெரியும்.

குளிசை வேலை செய்தது. உதட்டுப் பள்ளம் நிரம்பி, எச்சில் நின்று, பூனை கோழியை மென்று விழுங்கத் தொடங்கியது. வைத்தியர் சொன்னபடி குறைத்து நிறுத்தியும் ஆயிற்று. ஒருநாள் காலை அது மதிலில் உட்கார்ந்து முகம் கழுவுவதைக் கண்டு, எனக்கு வந்த சந்தோஷத்தில் தெருவுக்கே கேட்கும்படி கூவினேன்.

"ராத்தா! மிஸ்கீனுக்குச் சுகமாப் போயிட்டு! வாயப் பாருங்க, பூ மாதிரி!"

அவர் குசினியிலிருந்து ஓடி வந்தார். முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. பூனையை மதிலிலிருந்து பிடுங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

அந்தக் கிழமையின் ஏழு நாள் முடிவதற்குள் புண் திரும்பி வந்துவிட்டது.

திரும்பி வரும் என்று வைத்தியர் முதல் நாளே சொன்னதுதான். தெருமுனையில் மீன் வெட்டும் இடத்துக்குப் பூனை போய் வந்ததை நானே கண்டிருக்கிறேன். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தா என் முகத்தையே பார்க்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "சொல்லிட்டியே புள்ள." எனக்குக் கோபம் வந்தது. சந்தோஷப்பட்டதற்கு ஒரு மனுசியைக் குற்றவாளியாக்குவதா? நானும் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனாலும் குளிசை வாங்க டவுனுக்குப் போக ராத்தாவுக்கு என் ஸ்கூட்டியை விட்டால் வழியில்லை. பூனையைக் கொண்டுபோக அவர் மறுத்தார். ஓட்டோவில் போனால் பயத்திலேயே செத்துவிடும் என்றார். ஆகவே நான் மதிலில் கேட்டு, வைத்தியரிடம் போய்ச் சொல்வது என்று ஏற்பாடு.

"புண் எப்படி ராத்தா?"

"அப்பிடியேதான் கெடக்கு."

வைத்தியரிடம் அதையே சொன்னேன். அடுத்த முறையும் "அப்பிடியேதான்." அதற்கடுத்த முறையும். வைத்தியர் புருவத்தைச் சுருக்கினார். "இவ்வளவு காலத்துக்குக் குறையாம இருக்காதே. பூனையக் கொண்டு வாங்க. இல்லாட்டி ஒரு படமாவது எடுத்து அனுப்புங்க." ராத்தாவிடம் கைத்தொலைபேசியை நீட்டியதும் பாம்பைக் கண்டவர் போலப் பின்வாங்கினார். படம் எத்தனை பேர் கண்ணில் படுமோ என்ற பயம் அவருக்கு. அதன்பிறகு பூனையைக் காணாமல் ஒரு குளிசையும் தரமாட்டேன் என்று வைத்தியர் முடிவாகச் சொல்லிவிட்டார். நல்லது, இனியாவது கொண்டு போவார் என்று நினைத்தேன். ராத்தா இரண்டாவது மகனைப் பிடித்து, மனிதர்களுக்கு விற்கும் அதே குளிசையை எங்கோ ஒரு பார்மசியில் வாங்கிக்கொண்டார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பூனையை அவர் வெளியே விடுவதை நிறுத்தியிருந்தார். ஜன்னல் கம்பிக்குள்ளால் அதைத் தூரத்தில்தான் கண்டேன். கண்டவரையில் நன்றாயில்லை. வயிறு தொங்கியது, முதுகெலும்பு தெரிந்தது. தண்ணீர்ச் சட்டியைக் கட்டிப்பிடித்தது போல எந்நேரமும் குடித்தது. பின்னங்காலைக் குதி நிலத்தில் படும்படி தேய்த்துத் தேய்த்து நடந்தது.

"ராத்தா, இது சரியில்லாத மாதிரிக் கெடக்கே" என்றேன்.

"ஓம் புள்ள. சாகத்தான் போகுது" என்றார், மாங்காய் புளி என்று சொல்லும் அதே குரலில்.

இதுதான் அவரோடு இருந்த பெரிய சங்கடம். எப்போதும் கெட்டதையே சொல்லும் ஒருவர் மெய்யாகவே கெட்டதைச் சொல்லும்போது கேட்பவருக்கு எப்படித் தெரியும்? நான் வழமை போலப் பாதியைத் தள்ளுபடி செய்துகொண்டேன்.

ஒரு பின்னேரம், அசர் தொழுகை நேரம் மதிலுக்கு அப்பாலிருந்து "புள்ள" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். முறைப்பாடு இல்லை, புலம்பல் இல்லை. அந்த வெறும் அழைப்பே போதுமாக இருந்தது. ஓடினேன். குசினி நிலத்தில் பூனை பக்கவாட்டில் கிடந்தது. பக்கத்தில் வாந்தி. கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. கடிக்கும் பூனை, நான் தூக்கியபோது நனைந்த துணி போலக் கையில் தொங்கியது. அப்போதுதான் அதன் வாயைக் கிட்டத்தில் கண்டேன்.

உதட்டில் புண் இல்லை. பள்ளம் இல்லை, சிவப்பு இல்லை, தழும்புகூட மறைந்து மயிர் மூடியிருந்தது.

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவர் கூடையை எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

வைத்தியர் பூனையின் காதில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். மெஷின் காட்டிய இலக்கத்தைப் பார்த்துவிட்டு, பூனையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"சீனி உச்சத்தில நிக்குது. வாயில புண்ணே இல்லையேம்மா. எப்ப மாறின?"

ராத்தா கூடையில் கட்டியிருந்த சாரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமா முழுக் குளிசை குடுக்கிறீங்க? இண்டைக்குக் காலையிலயும் குடுத்தீங்களா? அத வச்சுத்தான் நான் இப்ப மருந்து குடுக்கணும். சடாரெண்டு நிப்பாட்டினாலும் இது செத்திரும், கூட்டிக் குடுத்தாலும் செத்திரும். சொல்லுங்கம்மா."

பூனை மேசையில் மூச்சு வாங்கியது. விலா எலும்புகள் ஏறி இறங்குவதை எண்ணலாம் போலிருந்தது. ராத்தா முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவரை விட வயதில் சிறியவள் என்பதையும் மறந்து தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ராத்தா, வாயத் திறந்து சொல்லுங்க! ஒங்கட நாவூறு இல்ல, நீங்க சொல்லாம இருக்கிறதுதான் இதக் கொல்லப் போகுது!"

அவர் என்னைப் பார்க்கவில்லை, வைத்தியரையும் பார்க்கவில்லை. பூனையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"எனக்கு ஒரு பொம்புளப் புள்ள இருந்திச்சு டொக்டர். டெங்குக் காய்ச்சல். காலைல காய்ச்சல் விட்டுட்டு. எழும்பி இரிந்து கஞ்சி கேட்டுச்சு. பாக்க வந்த ஆக்களுக்கெல்லாம் நான் சொன்னன், சுகமாயிட்டு, சுகமாயிட்டு எண்டு. வாசல்ல நிண்டு சொன்னன். பொழுது படக்குள்ள, மஃரிபுக்கு முன்ன கை கால் குளுந்து... மஃரிபு பாங்கு சொல்லக்குள்ள புள்ள இல்ல."

ராத்தாவின் அந்தப் பெரிய வீடு யாருக்குக் கட்டப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அந்தக் காய்ச்சல் அப்பிடித்தானம்மா" என்றார் வைத்தியர் மெதுவாக. "விட்ட பிறகுதான் ஆபத்து. நீங்க சொன்னதால இல்ல."

ராத்தா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "இதுக்கு வாய்ப்புண் மாறி ரெண்டு மாசத்துக்கு மேல" என்றார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்த. குறைச்சா, சுகம் எண்டு நானே சொன்ன மாதிரித்தானே டொக்டர்? அதால முழுசாத்தான் குடுத்த. இண்டைக்குக் காலையிலயும் குடுத்த."

வைத்தியர் அதைக் குறித்துக்கொண்டார். ஊசியை எடுத்தார்.

மிஸ்கீன் சாகவில்லை. சேலைன் ஏற்றி, பல நாள் வைத்தியரிடமே இருந்து, தோலும் எலும்புமாக வீடு வந்தது. குளிசையைச் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஊசிக்கு முன்னால் காதில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். ராத்தாவிடம் அவருக்கென்று ஒரு மெஷின் இருந்தது. அதையே பூனைக்கும் வைத்துக்கொண்டார். கை நடுங்காமல் செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். குளிசை குறையக் குறைய, வாயில் புண் திரும்பி வருகிறதா என்று தினமும் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். மீன் அந்த வீட்டுக்குள் வருவதே நின்றது. தனக்கும் சமைப்பதில்லை. எவர்சில்வர் தட்டு, அவித்த கோழி, தெள்ளு மருந்து. ஒருமுறை மாத்திரம் பூனை கதவிடுக்கால் நழுவி மீன் வெட்டும் இடத்துக்குப் போய் வந்தது. உதடு சிவந்து, சில நாளில் தானாக வாடியது. எதனால் வருகிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் திட்டமாகத் தெரிந்தது.

வைத்தியர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சீனி இலக்கத்தை ராத்தாவே தன் வாயால் சொல்ல வேண்டும், நடுவில் ஆள் கூடாது. "சீனி குறைஞ்ச பிறகும் நீங்க கூடவாத்தான் இருக்கு எண்டு சொல்லி ஊசி போட்டா, அந்த ஊசியே இதக் கொண்டு போயிரும்" என்று நேராகவே சொல்லியிருந்தார். முன்பு பொய் பூனையைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோக நெடுங்காலம் எடுத்தது. இப்போது ஒரு பொழுது போதும்.

ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டார். மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தார். இலக்கம் இறங்கியிருந்தது. முந்தின நாளும் அப்படித்தானாம், வைத்தியரிடம் சொல்லத் துணியாமல் பாதி ஊசிதான் போட்டாராம். தொலைபேசியில் வைத்தியர் காத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா? எவ்வளவு காட்டுது?"

ராத்தா மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொல்லிவிடட்டுமா என்று கையைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். இலக்கத்தைச் சொன்னார்.

"நேத்தும் அப்பிடியா? சாப்பிடுதா? வாய் எப்படி?"

"சாப்பிடுது. வாயில ஒண்டுமில்ல." கண்ணை இறுக மூடிக்கொண்டார். "சுகம் டொக்டர். சுகமாயிட்டு."

"அப்ப இண்டைக்கு ஊசி வேணாம். போடவே போடாதீங்க" என்றார் வைத்தியர். அவருடைய குரலில் சிரிப்பிருந்தது.

தொலைபேசியை வைத்ததும் ராத்தா எழுந்து முன்கதவைப் பூட்டினார், ஜன்னல்களைச் சாத்தினார். பூனையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார். "நீ போகாத புள்ள" என்றார். நான் வீட்டு வேலைகளை அப்படியே போட்டுவிட்டு இருந்தேன். நடுப்பகலில் லுஹர் தொழுதார், திரும்பி வந்து பூனையின் நெஞ்சில் கை வைத்தார். அசர் தொழுதார், மறுபடி கை வைத்தார். இருவருமே சாப்பிடவில்லை, பூனை மட்டும் சாப்பிட்டது. அது தூங்கினால் அவர் குனிந்து மூச்சைக் கேட்டார், எழுந்தால் கால்களைத் தடவிச் சூடு பார்த்தார். வெயில் சரியச் சரிய அவருடைய கையும் குளிர்ந்துகொண்டு வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

பொழுது பட்டு, பள்ளியில் மஃரிபு பாங்கு ஒலித்தது. முதல் சொல்லிலேயே ராத்தா பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் இறுக்கியது பிடிக்காமல் மிஸ்கீன் முறுக்கிக்கொண்டு கீழே குதித்தது. உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்தது. தட்டைத் தேடிக்கொண்டு குசினிக்குப் போனது. பாங்கு முடியும்வரை ராத்தா அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"அப்ப..." என்றார். "அப்ப என்ட புள்ள போனதும் நான் சொன்னதால இல்லையா புள்ள?"

"இல்ல ராத்தா" என்றேன்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.